நான்கு மாத நல்ல பள்ளிக்கூடம்

எங்கள் மாவட்டத்துக்கு வெளியூரில் ஒரு பெயர் உண்டு. தென்கோடியிலிருந்தும் வடகோடியிலிருந்தும் பெற்றோர் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கூட்டி வந்து நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விட்டுவிட்டுப் போவார்கள். ஜூன் மாதத்தில் பேருந்து நிலையத்துக்குப் போனால் புது பக்கெட்டும் தகரப் பெட்டியுமாக அழுது வீங்கிய முகங்களைப் பார்க்கலாம். இங்கே சேர்த்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அதே மாவட்டத்தில், திருச்செங்கோட்டுக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவே, விடிந்தால் அடைந்தால் தறிச் சத்தம் கேட்கும் ஒரு ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளிக்கு யாரும் பக்கெட்டோடு வந்ததில்லை. நாங்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்போம்.

என் மகள் என் பள்ளியில் படிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, ஏனென்றால் எங்கள் பள்ளியில் வேலை பார்த்த ஐந்து பேரில் யார் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை. சத்துணவு சமைக்கிற அக்காவின் பேரன்கூட மஞ்சள் வேனில் போனான். ஆனால் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. மகள் ஏறும் வேன் பள்ளி வழியாகத்தான் போகும் என்று தெரிந்ததும் ஓட்டுநரிடம் பேசி மாற்று வழியில் போகச் சொன்னேன். ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒவ்வொரு கோடையிலும் மாணவர் சேர்க்கைக்கு ஊருக்குள் போக வேண்டும். ஃபிளெக்ஸ் பேனரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தலைமையாசிரியர் முன்னால் நடக்க, நாங்கள் துண்டறிக்கையோடு பின்னால் போவோம். இலவசச் சீருடை, இலவசப் புத்தகம், இலவசக் காலணி என்று கதவுக்குக் கதவு சொல்ல வேண்டும். ஆகஸ்டு முதல் தேதி பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒரு ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். அவரைத் தூக்கிப் பக்கத்து மாவட்டத்துக் கெங்கவல்லிப் பக்கமோ மலைப் பக்கமோ போட்டுவிடுவார்கள் என்று எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். எங்கள் பள்ளியில் பணிமூப்பில் கடைசி ஆள் நான். ஆக, நான் பிள்ளை கேட்டுப் போனது கல்விச் சேவைக்காக அல்ல. என் மகளை விட்டுவிட்டுத் தூரத்து ஊருக்குப் பஸ் ஏறக் கூடாதே என்பதற்காக.

அந்த வருடம் மே மாதத்தில் தறிப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளுக்குப் போனோம். கடைசி வீட்டில் இருந்தவள் தறி ஓட்டுகிறவள். கணவன் போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்தான். பொங்கலுக்கு வந்தால் உண்டு. அவள் மகள் எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை படித்தவள். ஆறாம் வகுப்புக்கும் எங்களிடமே தொடர வேண்டியவள். அந்த வீட்டில் கேட்கவே தேவையில்லை என்றுதான் தலைமையாசிரியர் அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டார். நான் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்காக வாசலில் நின்றேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பாடம் எடுப்பது ஆறு முதல் எட்டு வரை கணக்கு. ஆனாலும் ஐந்தாம் வகுப்பு டீச்சர் விடுப்பில் போகும் நாட்களில் அந்த வகுப்புக்குப் போவேன். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். கையைத் தூக்க மாட்டாள், துள்ள மாட்டாள், உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகச் சொல்வாள். என் மகளுக்கும் அதே வயது. ஒருநாள் இந்தப் பெண்ணின் கணக்கு நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் என் மகள் முன்னால் போட்டு, "தறி ஓட்டறவ புள்ள எழுதுனது, பாரு" என்றேன். என் மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த வாசலில் அம்மாக்காரி சொம்பை வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், உங்க பொண்ணு அடுத்த வருசம் எங்கீங்க படிக்கப் போவுது?"

குத்திக் காட்டிக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கிறோம் என்றேன். என் மகளுக்கு ஆறாம் வகுப்பு அங்கே உறுதியாகியிருந்தது. அவள் சொம்பில் மீதி இருந்த தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றினாள். பிறகு தன் மகளை எங்கே விடலாம் என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கையில் துண்டறிக்கை இருந்தது. அதில் என் பள்ளியின் பெயர் இருந்தது.

"எம் பொண்ணா இருந்தா நான் இங்க விட மாட்டேன்" என்றேன்.

அது அன்பினால் சொன்னது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலில் கதவு கதவாகத் தட்டி, கதவுக்குக் கதவு பொய் சொல்லி, ஒரு வாசலிலாவது விவரம் தெரிந்தவளாக நிற்க வேண்டும் என்ற ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. படித்தவள், உள்விவரம் அறிந்தவள், உனக்காக ரகசியத்தைச் சொல்கிறேன் என்ற தோரணை. அவள் சொம்போடு கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் அவள் வந்து டி.சி. கேட்டாள். தலைமையாசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளையும் போனால் இந்தப் பள்ளியில் யாரை வைத்து மாரடிப்பது என்று கத்தினார். யார் உனக்கு இந்த யோசனையைச் சொன்னது என்று கேட்டார். நான் அதே அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தானாகத்தான் முடிவு செய்ததாகச் சொல்லி டி.சி.யை வாங்கிக்கொண்டு போனாள். சொன்னவளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, நல்ல பெண்மணி என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அவள் சேர்த்தது பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தனியார் பள்ளி. வேன் லைன் வீட்டு முனைக்கே வந்தது. காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அந்தப் பெண் டையும் ஷூவுமாக நின்றுகொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் "குட் மார்னிங் மிஸ்" என்பாள். அதுவரை அவளுக்கு நான் டீச்சராக இருந்தேன், நான்கே நாளில் மிஸ் ஆகிவிட்டேன். சிரிப்பு வந்தது. நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவும் இருந்தது. என் மகள் விடுதியிலிருந்து போனில் அழுகிற நாட்களில், இந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எரிச்சலும் வந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பள்ளியில் அம்மாவை வரச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, ஆனால் கேள்வி புரிவதில்லை, ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை, பின்னால் பத்தாம் வகுப்பில் எங்கள் தேர்ச்சியைக் கெடுக்கும், இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு வயதுப் பிள்ளையால் நான்கு வருடம் கழித்துக் கெடப்போகிற தேர்ச்சியைப் பற்றி அவர்களுக்கு அப்போதே கவலை. எங்கள் பக்கத்தில் நல்ல பள்ளி என்று பெயர் வாங்குகிற வழி இதுதான். நன்றாகச் சொல்லிக் கொடுப்பது ஒரு பங்கு. சரியாக வராத பிள்ளையைக் காலாகாலத்தில் வெளியே அனுப்புவது இன்னொரு பங்கு. பலகையில் எழுதும்போது முதல் பங்கை மட்டும் எழுதுவார்கள்.

அக்டோபரில் அந்தப் பெண் எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தாள். ஆகஸ்டுக் கணக்கு முடிந்துபோனதால் அவள் வருகையால் எனக்கு உபயோகம் எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்த வருடத்துக்கு ஒரு தலை கூடிற்றே என்று நிம்மதிதான் வந்தது. தலைமையாசிரியருக்குக் கை நடுக்கம் என்பதால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் வேலை என்னுடையது. என் கையெழுத்து அழகாக இருக்கும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, அங்கே படித்த வகுப்பு, இங்கே சேர்ந்த நாள் எல்லாவற்றையும் அச்சடித்ததுபோல் எழுதினேன். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் என்னை டீச்சர் என்று கூப்பிட ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு மூன்று வருடம் என்னிடம் படித்தாள். சொல்லிக் கொடுத்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வகுப்பில் பாதி நேரம் பதிவேடும் புள்ளிவிவரமும் கேட்டு யாராவது வந்து நிற்பார்கள். அவள் தானாகப் படித்தாள். எட்டு முடித்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள், பத்தில் நல்ல மதிப்பெண், பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்தாள் என்று அவ்வப்போது காதில் விழும். என் மகளும் அதே வருடம் அதே பிரிவு. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினொன்றிலேயே தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் விடுதி மரத்தடியில் உட்கார்ந்து நான் கொண்டுபோன சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையில் புத்தகத்தைப் பிடித்திருப்பாள்.

இடையில்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று யாரும் டீ குடிக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையை மனதுக்குள் எந்த வகுப்பில் எங்கே சேர்த்தோம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல திட்டம் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஊருக்காகச் சொன்னது அது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் என் கணவர் எழுந்து வந்து பார்த்தார்.

நீட் முடிவு வந்த அன்று என் மகள் வீட்டில் இருந்தாள். அவள் மதிப்பெண் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைவிட நிறையவே அதிகம். ஆனால் பொதுப் பட்டியலில் அவளுக்கு இடம் கிடைக்காது; அந்தப் பெண்ணுக்கோ ஒதுக்கீட்டில் கட்டாயம் கிடைக்கும் என்று மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். லைன் வீட்டில் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் இரண்டு வந்தது. என் மகள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், நிதானமாக ஒன்று கேட்டாள்.

"அம்மா, உன் ஸ்கூல் எனக்கு ஆகாதுன்னு நீயே முடிவு பண்ணின. அவளுக்கு மட்டும் எப்படி ஆச்சு?"

நான் லட்டைக் குப்பையில் போட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்கைந்து நாளில் அம்மாவும் மகளும் என் அறைக்கு வந்தார்கள். அப்போது நான்தான் தலைமையாசிரியை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மேல்நிலைப் பள்ளியில் சான்று வாங்கிவிட்டார்கள். ஆறு, ஏழு, எட்டுக்கு நான் கொடுக்க வேண்டும். மறுநாள் விண்ணப்பிக்கக் கடைசி நாள். அம்மா தறியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகள் புதுச் சுடிதார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அந்தப் படிவத்தில் மூன்று வரி நிரப்பி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. சேர்க்கைப் பதிவேடு என் பீரோவில் இருந்தது, சாவி என் பையில் இருந்தது. பழைய தலைமையாசிரியர் இறந்துவிட்டார். அந்த நான்கு மாதத்தை அந்த அறையில் இருந்த மூன்று பேரைத் தவிர வேறு யாரும் நினைவு வைத்திருக்க நியாயம் இல்லை. அதிலும் இரண்டு பேருக்கு அது ஒரு விஷயம் என்றே தெரியவில்லை. ஆறு முதல் என்று படிவத்தில் போட்டிருந்ததை மகள் படித்தும், தாங்கள் அதற்குள் அடங்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நான்கு மாதத்தில் ஒரு பள்ளியிலிருந்து துரத்தப்பட்டதை யார் படிப்பு என்று கணக்கில் வைப்பார்கள்?

பொய்ச் சான்று கொடுத்தால் வேலை போகும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது உண்மை. நான் பயந்ததும் உண்மை. ஆனால் என் கையெழுத்து பொய்யே எழுதாத கையெழுத்து அல்ல. வராத பிள்ளைக்கு வருகை போட்டிருக்கிறேன். சாப்பிடாத முட்டையைச் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறேன். ஒப்புக்கு ஐந்து பேர் வந்த பெற்றோர் கூட்டத்தில் நாற்பது பேருக்கு நானே விதவிதமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் நடுங்காத கை அன்றைக்கு மட்டும் சட்டம் பேசியது என்றால், அந்தக் கையில் வேறு ஏதோ இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த என் மகள் இருந்தாள்.

எழுந்து பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைத் தேடவே இல்லை, எந்த இடம் என்று எனக்குத் தெரியும். விரித்து அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி வைத்தேன். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வகுப்பில் சொல்வதுபோல், அந்த வரியைச் சத்தமாகப் படி என்றேன்.

படித்தாள். அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. திருத்தமான உச்சரிப்பு, எங்கள் பள்ளியில் வந்தது. முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில் அந்தத் தனியார் பள்ளியின் பெயரைப் படித்தாள். வகுப்பு, ஆறு. சேர்ந்த நாள், அக்டோபர். அந்த வார்த்தை வரைக்கும் குரல் ஒரே சீராக இருந்தது. பிறகு மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தாள். கணக்கில் எப்போதும் நான் எழுதி முடிப்பதற்குள் விடை கண்டுபிடிக்கிறவள். இதிலும் நான் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. என்னவென்று மகளிடம் கேட்டாள். நான் விளக்கினேன். ஆறாம் வகுப்பில் பாதி அரசுப் பள்ளி இல்லை, அதனால் ஒதுக்கீடு பொருந்தாது, நான் மாற்றி எழுதினால் நாளைக்கு உங்கள் மகளுக்கே ஆபத்து என்று பொறுமையாக, மிகவும் பொறுமையாகச் சொன்னேன். அம்மா என் காலைத் தொட வந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவள் குனிந்த நிலையிலேயே நின்றது எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலில் வந்த வார்த்தை அது. இல்லை, எரிச்சல் என்று சொல்வதும் ஒரு சாக்கு.

"நல்லாப் படிச்சுட்டு இருந்த புள்ளைய நீங்க எதுக்குங்க அங்க கொண்டுபோய்ச் சேத்தீங்க?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வாசலும் சொம்பும் துண்டறிக்கையும் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன. அது முகத்தில் தெரிந்தது. நான் மேசைமேல் இருந்த சீலை எடுத்து டப்பாவுக்குள் வைத்தேன்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஏன் சேர்த்தாய், யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று கேட்டாள்.  அம்மா என் கையையே பார்த்தாள். அந்தக் கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை, இனிமேல் போட்டாலும் போடலாம், இந்த நேரத்தில் இவளைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் யோசித்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆரும் சொல்லலீங்க சாமி" என்று மகளிடம் சொன்னாள். "எனக்குத்தான் ஆசை. நீ டை கட்டிக்கிட்டுப் போறதப் பாக்கோணும்னு."

எனக்கு மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு விலையாக ஒரு கையெழுத்தை எதிர்பார்த்தாள். நான் அதைப் போடவில்லை. ஏழும் எட்டும் முழுதாகவும், ஆறில் அக்டோபர் முதலும் என்று உள்ளதை உள்ளபடி அழகான கையெழுத்தில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது. மகளிடம் நீட்டினாள். மகள் வாங்காமல் வெளியே போனாள்.

அந்தச் சான்றை வைத்தே மறுநாள் விண்ணப்பித்துவிட்டு, அம்மாவும் மகளும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார்கள். விடுதிப் பள்ளி நடத்துகிற செல்வாக்குள்ள ஒருவரிடம்கூடப் போய் நின்றிருக்கிறார்கள். பதிவேட்டில் இருப்பதுதான் பேசும் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டின் நகலைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. பொதுவாக இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பத்து நாள் எடுத்துக்கொள்வேன். அன்றே அனுப்பினேன்.

என் மகள் ஒரு வருடம் திரும்ப எழுதினாள், மதிப்பெண் ஏறவில்லை. பிறகு கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்தாள். இப்போது அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வளாகத் தேர்வில் வேலை உறுதியாகிவிட்டது, சம்பளமும் மோசமில்லை. விடுதியில் அழுதது, டாக்டர் ஆக வேண்டியது, எதுவும் அவளுக்கு நினைவிருப்பதாகத் தெரியவில்லை. நல்ல பள்ளியில் படித்ததால்தான் முன்னுக்கு வந்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் அரசு சம்பளக்காரர்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. விழுந்தால் தாங்குவதற்கு ஆள் இருக்கிற பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தால் என்ன? பள்ளிக்கூடத்தின் தரம் தலையெழுத்தை மாற்றுவதெல்லாம், விழுந்தால் தாங்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்குத்தான். அதையும் நல்ல விதமாக மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். வெள்ளை கோட் போட்டு ஊசியோடு வந்தவள் அவள்தான். லேப் டெக்னீசியன் டிப்ளமோ முடித்து அங்கே வேலை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க டீச்சர், கையை இப்பிடி வைங்க" என்றாள். அவள் வேலை சுத்தமாக இருந்தது. ஊசி ஏறியதே தெரியவில்லை.

அம்மா எப்படி இருக்கிறார் என்று ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். தெரியவில்லை என்றாள். வேலைக்கு வந்ததிலிருந்து மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாளாம்; ஊருக்குப் போவதில்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்குக்கூடப் போகவில்லையாம். அம்மா இரண்டு தடவை பலகாரம் எடுத்துக்கொண்டு வந்து விடுதி வாசலில் நின்றதாகவும், இவள் கீழே இறங்கவில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது பஞ்சை என் கையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். குரல் உயரவே இல்லை.

"நீங்க அன்னைக்கு நியாயமா நடந்துக்கிட்டீங்க டீச்சர். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்கம்மாவுக்குத்தான் பவுசு. ஊருக்கு முன்னால டை கட்டிக் காட்டோணும்னு எம் பொழப்பக் கெடுத்துட்டாங்க. அதை மட்டும் என்னால மறக்க முடியலீங்க."

அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. இல்லை சாமி, சொன்னது நான்தான் என்று நான்கு வார்த்தை சொன்னால் அவள் அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள். அந்த நான்கு வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்தன. அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை அதற்குப் பிறகு இருக்காது என்பதும் கூடவே வந்தது.

"அம்மாக்கள்ல சில பேரு அப்படித்தான் சாமி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கையை மடக்கி ஐந்து நிமிடம் வைத்திருக்கச் சொன்னாள். சாயங்காலம் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளலாம், வர முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன் என்றாள். நான் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொன்னேன்.